டேங்க் நிறைந்தால் மட்டும் வாடை

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரில் ஏறி உட்கார்ந்த என் மனைவி பெல்ட்டைக்கூட மாட்டவில்லை. "என்னங்க, யாரோ பின் சீட்டுல பெட்ரோல் கேன் வச்ச மாதிரி வாடை அடிக்குது" என்றார். எங்கள் வண்டியில் பின் சீட்டே கிடையாது. பழைய வண்டி என்றால் கொஞ்சம் நாறத்தான் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் இறங்கிப் போய்ப் பஸ் நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வண்டி 1972இல் செய்த எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். எம்ஜி என்றதும் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் "ஹெக்டரா?" என்று கேட்கிறார்கள். பெயர்ப் பலகை ஒன்றுதான், மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், துணிக் கூரை, குரோம் பம்பர் வைத்த இரண்டு பேர் வண்டி. 1962 முதல் 1980 வரை எல்லா வகை எம்ஜிபியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அதனால் உதிரி பாகத்துக்கு இன்றுவரை பஞ்சமில்லை. தகட்டை அழுத்திப் பாடி செய்து கொடுத்தது இங்கிலாந்தின் ஸ்விண்டன் ஊர் ஆலை, அப்புறம் ஆபிங்டனில் வைத்து முழு வண்டியாகக் கோத்தார்கள். நான் குடியிருப்பதும் ஸ்விண்டனில்தான். என் வண்டி தாய்வீட்டில் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வேன்.

முதலில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம், நல்ல பையன்கள்தான். பானெட்டைத் திறந்தார்கள், கார்புரேட்டர் பக்கம் மூக்கை நீட்டினார்கள், "ஃப்ளோட் சேம்பர் வழிகிறது" என்றார்கள், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம். ஊசி வால்வு இரண்டும் புதிது, கேஸ்கெட் புதிது, 160 பவுண்டு. வெளியே வந்து டேங்கை நிறைத்தேன். வீட்டுக்கு வருவதற்குள் அதே வாடை. வாடை பின்னாலிருந்து வருகிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. எம்ஜிபியில் எஞ்சின் முன்னால், டேங்க் பின்னால் டிக்கித் தளத்துக்கு அடியில்.

அப்புறம்தான் நான் இங்கே மதிப்பெண் போட வந்திருக்கிற பட்டறை. ஸ்விண்டனுக்குத் தெற்கே ஒரு பண்ணையின் பழைய களஞ்சியம், அதில் ஒரு பெரியவர், கணக்குப் பார்க்க அவர் மகள். அவ்வளவுதான் கம்பெனி. "பேரை எழுதாதே, இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை" என்று அவரே சொன்னதால் எழுதவில்லை. இந்தப் பக்கத்தில் பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரிந்திருக்கும்.

போன் செய்தபோது அவர் வண்டி நம்பர்கூடக் கேட்கவில்லை. "வாடை எப்போது வருகிறது?" என்றார். எப்போதும் வருகிறது என்றேன். "எப்போதும் என்று ஒன்று கிடையாது. டேங்க் நிறைந்திருக்கும்போதா, பாதியிலா? ஓடும்போதா, நிற்கும்போதா? கூரை மூடியிருக்கும்போதா?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது, அதுவரை ஒரு நோட்டில் எழுதிவை என்றார். இன்னொன்றும் கேட்டார்: "வண்டியை எங்கே நிறுத்துகிறாய்?" வீட்டை ஒட்டிய கராஜில் என்றேன். "பாய்லர் எங்கே இருக்கிறது?" வீட்டைச் சூடாக்கும் அந்த பாய்லரும் அதே கராஜில்தான். ஒரு நொடி மறுமுனையில் சத்தமே இல்லை. "இப்போதே வெளியே எடுத்து நிறுத்து. பத்து லிட்டருக்கு மேல் போடாதே" என்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், பாய்லர் பற்றும்போது அது அங்கே காத்திருந்தால் முடிந்தது கதை. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் தெரிந்தும் இரண்டு வாரம் அங்கேதான் நிறுத்தியிருந்தேன். அந்த ஒரு கேள்விக்கே அவருக்கு நான் ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

நோட்டில் எழுதியதில் விஷயம் தானாகவே துலங்கியது. அவரைக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு முறை டேங்க் முழுக்கப் போட்டு, வீட்டுக்கு எதிரே தெருவில் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு நாள் வாடை, வலது பின்சக்கரத்துப் பக்கம் தரையில் ஈரக் கறை. கால்வாசி ஓட்டித் தீர்த்ததும் வாடை குறைந்தது. பாதிக்குக் கீழே போனதும் சுத்தமாக இல்லை. கூரை மூடி ஓடினால் உள்ளே அதிகம், திறந்திருந்தால் தெரிவதே இல்லை. ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்று சுழன்று, டிக்கி ரப்பர் வழியாக ஆவியை உள்ளே இழுத்துக்கொண்டு வருமாம்.

பாதிக்குக் கீழே ஒழுகவில்லை என்றால் ஓட்டை பாதிக்கு மேலே இருக்கிறது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் இந்த வண்டியில் பாதிக்கு மேலே ஒழுக வாய்ப்புள்ள இடம் மூன்று நான்கு இருக்கிறது, அதில் எது என்று கண்டுபிடிக்கும் வேலைக்குத்தான் அவர் தனியாக 45 பவுண்டு வாங்குகிறார். "கண்டுபிடிக்க 45. கண்டுபிடித்த பிறகு நீ வேறு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்" என்பது அவர் கணக்கு.

என்னைப் பக்கத்திலேயே நிற்க விட்டார். முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றினார். அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை இறுக்குகிற போல்ட்டைப் பார்த்தார். அது டிக்கித் தளத்துக்குள் இறங்குகிறது, அதற்கு நேர் கீழே டேங்க். யாராவது அளவு தெரியாமல் நீளமான போல்ட்டைப் போட்டுத் திருகினால் டேங்கின் மண்டையில் துளை போட்டுவிடுமாம். என்னுடையது சரியான அளவுதான். அடுத்து, பெட்ரோல் ஊற்றுகிற குழாயை டேங்கோடு சேர்க்கும் ரப்பர் ஹோஸ். இது வெடித்திருந்தால் பங்கில் நிரப்பும்போதே காலில் சொட்டும். விரலால் சுற்றித் தடவினார், காய்ந்திருந்தது. மூன்றாவது சந்தேகம் வலது பக்கம் இருக்கிற சென்டர், அதாவது மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவை. அது டேங்கின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு வட்டத் துளையில் ரப்பர் வாஷர் வைத்து, பூட்டு வளையத்தால் இறுக்கப்பட்டிருக்கும். ஈரக் கறை வலது பக்கம் என்பதால் நான் அதன் மேல்தான் பந்தயம் கட்டியிருந்தேன். ஒரு வாஷர், ஐந்து பவுண்டில் முடிந்துவிடும் என்று கனவு.

சாக்பீஸ் எடுத்தார். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்பீஸ்தான். சென்டர் வளையத்தைச் சுற்றி, டேங்கின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் விளிம்பு முழுக்க, ஹோஸ் கிளிப்பைச் சுற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தடித்த கோடாக இழுத்தார். பிறகு கேனிலிருந்து ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் காத்திருந்து, கையில் எல்இடி விளக்கோடு கீழே படுத்துப் பார்த்தார். குண்டு பல்பு விளக்கு அந்தப் பட்டறைக்குள் வரவே கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார். பல்பு உடைந்தால் போதும், இழை பற்றவைத்துவிடும்.

டேங்க் மொத்தம் 12 கேலன், ஏறத்தாழ 54 லிட்டர். பெட்ரோல் சென்டர் துளைக்கு மேலே ஏறிய பிறகும் அதைச் சுற்றிய சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தது. என் ஐந்து பவுண்டுக் கனவு அங்கேயே போயிற்று. கழுத்து வரை ஊற்றிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். "வந்து பார்" என்று கூப்பிட்டார். நானும் தரையில் படுத்தேன். விளிம்பில் போட்ட கோட்டில் ஒரு விரல் அகலத்துக்கு சாம்பல் நிறம் படர்ந்துகொண்டிருந்தது. கோட்டின் மேல் ஓரம் முதலில் நனைந்தது, அங்கிருந்து ஈரம் கீழே இறங்கியது. அந்தத் திசைதான் முக்கியம். மூட்டில் ஒழுகியிருந்தால் கோட்டின் நடுவில் தொடங்கியிருக்கும். இது மேலேயிருந்து வழிந்து வருகிறது. அதாவது டேங்கின் தலை, டிக்கித் தளத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற, இறக்காமல் யாராலும் பார்க்க முடியாத பக்கம். தலையில் ஒழுகியது வலது பக்கமாகச் சரிந்து சொட்டியிருக்கிறது, என்னை ஏமாற்றியிருக்கிறது.

இறக்குவது என்றால் முதலில் ஊற்றியதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும். கைப்பம்பு போட்டுக் கேன்களில் எடுத்தார், சாயங்காலமாகிவிட்டது. போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்து ராத்திரி ஊற விட்டார். மறுநாள் நான் போனபோதும் இரண்டு போல்ட் முறிந்துதான் வந்தன. ஐம்பது வருஷ உப்பு. இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள் இல்லையா, அந்தத் தண்ணீரைச் சக்கரம் வாரி மேலே அடிக்கும். சென்டர் வளையத்தைக் கழற்ற இரும்பைத் தொடவில்லை. பித்தளைக் கம்பி வைத்து மெல்லத் தட்டித் திருப்பினார், பொறி பறக்காது.

டேங்க் தரையில் இறங்கியதும் விஷயம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. தலைப்பக்கம் தளத்தோடு உராயாமல் இருக்க மெத்தைப் பட்டைகள் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பட்டை ஸ்பாஞ்சு போல. வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரையும் சேற்றையும் உறிஞ்சி, தகட்டின் மேல் ஈரத்துணி போட்ட மாதிரி வைத்திருந்திருக்கிறது. பட்டையைப் பிய்த்தார். கீழே துரு, பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்து நின்றது. ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினார். மற்ற இடத்தில் டங்கென்று கேட்டது, அங்கே பொத்தென்று கேட்டது.

அத்தோடு விடவில்லை. துளைகளையெல்லாம் ரப்பர் அடைப்பால் மூடி, ஒரு குழாயில் சைக்கிள் பம்பை மாட்டி, இரண்டே அழுத்து. அதிகக் காற்று கூடாதாம், டேங்க் தகடு பலூன் மாதிரி உப்பிவிடும். சோப்புத் தண்ணீரைப் பூசினார். அப்பளத்தின் நடுவில் மூன்று இடத்தில் நண்டுக் குஞ்சு கண் விழித்த மாதிரி குமிழி வந்தது. ஒன்று ஊசி முனை அளவு. இத்தனை வாடையும் பாய்லர் பயமும் மனைவியின் பஸ் பயணமும் அந்த மூன்று புள்ளியிலிருந்து.

சோப்பைப் பார்த்ததும் எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வைத்திருந்தார். அதன் டேங்கும் டிக்கியில்தான். ஒழுகினால் துணி துவைக்கிற பார் சோப்பைப் பிசைந்து அப்பிவிடுவார், பெட்ரோலில் சோப்பு கரையாது, அப்படியே திருச்சியிலிருந்து மதுரை வரை போவோம். இதைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, இங்கேயும் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள் என்றார். கையெட்டுகிற ஓட்டைக்கு, வீடு போய்ச் சேரும்வரைக்கும் சோப்பு போதும். ஆனால் டேங்கின் தலைக்குக் கை எட்டாது.

சரிசெய்ய என்ன வழி என்று உட்கார்ந்து பேசினோம். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து: ஆவி காற்றோடு நூற்றுக்கு ஒன்றரை பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும், கழுவிய பிறகும் மூட்டுக்குள் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் வெளியே வரும். அதற்கென்று நீராவி விட்டு முறையாகச் சுத்தம் செய்கிறவர்களிடம் அனுப்பலாம், ஆனால் அப்பளத்தில் எதை வைத்து ஒட்டுவது? உள்ளே ஊற்றிச் சுழற்றுகிற சீலர் திரவம் இருக்கிறதே என்றேன், இணையத்தில் பார்த்துவிட்டுப் போயிருந்தேன். அதையும் அவர் ஒரேயடியாகத் திட்டவில்லை. டேங்க் கிடைக்காத அபூர்வ வண்டி என்றால் அதுதான் வழி, உள்ளே துளித் துருவும் எண்ணெயும் இல்லாமல் கழுவிக் காயவைத்தால் பிடிக்கும். அவசரப்பட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் தோல் உரிந்து பம்புக்குள் போய் அடைக்கும், அப்போது நடுச்சாலையில் நிற்பாய் என்றார். எம்ஜிபிக்குப் புது டேங்க் 200 பவுண்டுக்குள் கிடைக்கிறபோது அந்தப் பாடு எதற்கு?

புது டேங்கே போடச் சொன்னேன். டேங்க் வந்ததும் மாட்டிவிடவில்லை, அதில்தான் அவர் கூலி நியாயமாகிறது. கடையிலிருந்து வருகிற டேங்கின் கறுப்பு பெயின்ட் நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். தேய்த்து, பிரைமர் அடித்து, மூன்று கோட் பெயின்ட், அடிப்பக்கத்துக்குக் கல் அடி தாங்கும் பூச்சு. கூட வந்த ஸ்பாஞ்சுப் பட்டையை நேராகக் குப்பையில் போட்டார். தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டையைச் சீலர் வைத்து ஒட்டி, டேங்க் தலை முழுக்கத் துரு தடுக்கும் மெழுகை அப்பினார். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றச் சொன்னது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அவர் என்னை அப்படி நினைக்க வைத்திருக்கலாம். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலே இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது இளக்கி வெடிக்க வைக்கும், போதாதற்குத் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று அச்சடித்த ஹோஸ்தான் வேண்டும். இந்த மாதிரி வண்டிக்கு சூப்பர் கிரேடில் கிடைக்கிற இ5தான் சரி, லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம் அழத்தான் வேண்டும். ஊரிலும் இப்போது இ20 வந்துவிட்டது, பழைய வண்டி வைத்திருக்கிற தம்பிக்கு ஹோஸைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி மெசேஜ் போட்டேன்.

பில்: கண்டுபிடித்தது 45, டேங்க் 198, ஐந்து மணி நேரக் கூலி 275, ஹோஸ், கிளிப், போல்ட் 38, பெயின்ட் மெழுகு வகையறா 24. மொத்தம் 580 பவுண்டு. கார்புரேட்டருக்கு முதலில் அழுத 160ஐ இதில் சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை.

குறையும் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பங்குக்குப் போனேன், நாற்பது லிட்டர் போட்டேன், மீட்டர் ஊசி காலியிலேயே படுத்துக்கிடக்கிறது. இந்த வண்டியில் ஊசி மெதுவாகத்தான் ஏறும் என்பதால் வீடு வரை பொறுத்துப் பார்த்தேன். ஏறவே இல்லை. மூன்று கோட் பெயின்ட்டின் வினை: பெயின்ட் குறுக்கே நின்றதால் சென்டருக்கு எர்த் கிடைக்கவில்லை. மறுபடி அரைநாள் லீவு, முப்பது நிமிஷ ஓட்டம். அவர் காசு வாங்கவில்லை, சுரண்டி எர்த் ஒயர் கொடுத்துச் சரிசெய்தார். "வெளியே விடும் முன் மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு" என்று ஒப்புக்கொண்டதும் பிடித்தது. ஆனாலும் அரைநாள் அரைநாள்தான். இன்னொன்று, மூன்று வாரம் என்று சொன்னது நான்கு வாரம் ஆனது, நடுவில் ஒரு தகவல் இல்லை. வண்டி நம்பி வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பட்டறை ஒத்துவராது.

நாற்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. காசு மிச்சம் என்று நானும் சந்தோஷப்பட்டேன். விளைவு, ஆறு வருஷமாக அந்த வண்டிக்குக் கீழே யாருமே படுத்துப் பார்க்கவில்லை. இந்த வருஷம் நானாகவே காசு கட்டிச் சோதனைக்கு விட்டிருக்கிறேன்.

ஐந்து முறை கழுத்து வரை நிரப்பிவிட்டேன். விளிம்பில் நானே ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் வெள்ளையாக இருக்கிறது. மனைவி ஏறுவதற்கு முன் டிக்கியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார், அப்புறம்தான் பெல்ட். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை அந்த எர்த் ஒயருக்கு. பட்டறைக்குப் போக நினைப்பவர்கள் காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் போன் செய்யுங்கள், அதற்குப் பிறகு அவர் கை கழுவ மாட்டார், போனும் எடுக்க மாட்டார். கார்டு மிஷின் கிடையாது. களஞ்சியத்துக்குப் போகிற பண்ணைப் பாதையில் நடுவில் ஒரு மேடு இருக்கிறது, தாழ்ந்த வண்டிக்காரர்கள் இடது ஓரமாகப் போங்கள். என் சைலன்சர் ஒருமுறை உரசிவிட்டது.